வேப் பேனாவில் இருப்பது கஞ்சா எண்ணெய் மட்டும்தானா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை மகன் மதுரையில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கிக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவனின் பையில் திரவத்தைச் சூடாக்கிப் புகையாக இழுக்கும், பேனா போன்ற 'வேப்' கருவி ஒன்று இருந்திருக்கிறது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, "வெறும் கஞ்சா எண்ணெய்தான் மாமா. செடியிலிருந்து எடுப்பது. சிகரெட் அளவுக்குக்கூடக் கெடுதல் கிடையாது" என்றானாம். அதே வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்திருக்கிறது: கஞ்சாவில் ஃபென்டனில் கலக்கிறார்கள், ஒரே இழுப்பில் உயிர் போய்விடும் என்று. இதில் எது உண்மை, அந்தக் கருவியை என்ன செய்வது, பையனின் அம்மாவிடம் சொல்லலாமா என்பது அவருடைய கேள்வி.

நான் மயக்கவியல் மருத்துவன். மதுரையில் 25 ஆண்டுகளுக்கு மேலாக அறுவை அரங்குகளில் வேலை செய்கிறேன். ஃபென்டனிலைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டவன் அல்லன். ஏறக்குறைய தினமும் என் கையால் நரம்பில் ஏற்றும் வலி மருந்து அது. அதனால் இந்தக் கேள்வியைப் படித்தவுடன் இரண்டு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை.

முதலில் அந்தக் காணொளியைப் பற்றி. அது பாதி உண்மை, பாதி வதந்தி. காய்ந்த கஞ்சாவில் ஃபென்டனில் கலந்திருக்கிறது என்ற பேச்சு அமெரிக்காவில் பல ஆண்டுகளாகவே உண்டு. 2021-ல் கனெக்டிகட் மாநிலச் சுகாதாரத் துறை, கஞ்சா மட்டுமே புகைத்ததாகச் சொன்ன சிலர் ஓபியாய்டு (அபின், மார்ஃபீன், ஃபென்டனில் எல்லாம் சேர்ந்த மருந்துக் குடும்பம்) மயக்கத்தோடு வந்தார்கள் என்று கிட்டத்தட்ட 40 சம்பவங்களைக் குறிப்பிட்டு எச்சரிக்கை வெளியிட்டது. ஆய்வகத்தில் ஃபென்டனில் உறுதியானது ஒரே ஒரு மாதிரியில்தான். அதுவும் விற்றவன் வேறு சரக்கை நிறுத்த தராசையோ பாத்திரத்தையோ கழுவாமல் பயன்படுத்தியதால் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்றுதான் பின்னர் கருதினார்கள். மற்றவர்களில் பலர் வேறு ஏதோ உட்கொண்டு அதை மறைத்திருக்கலாம். இதைச் சொல்லாமல் நான் உங்களைப் பயமுறுத்தினால், நாளைக்குப் பையன் இணையத்தில் தேடிப் பார்த்து, "மாமா சொன்னது பொய்" என்று முடிவு கட்டிவிடுவான். அதன்பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவன் கேட்க மாட்டான்.

இலையைப் பற்றிய பேச்சில்தான் வதந்தி அதிகம். உங்கள் தங்கை மகனிடம் இருப்பது திரவம். திரவத்தின் கதை வேறு.

இலை என்றால் கண்ணுக்குத் தெரியும், கையில் கசக்கினால் மணம் தெரியும். கம்பம், வருசநாட்டு மலைப் பக்கத்துக் கஞ்சாவைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாத கதை இல்லை. அது நல்லது என்று நான் சொல்லவில்லை. வளரும் மூளைக்கு அது செய்யும் கேட்டைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் இலையை வாங்குகிறவனுக்குத் தன் கையில் இருப்பது இலை என்பதாவது தெரியும். வேப் குப்பிக்குள் இருப்பது நிறமில்லாத அல்லது இளமஞ்சள் நிறமுள்ள ஒரு மில்லிலிட்டர் திரவம். மாம்பழ வாசனை, புதினா வாசனை ஏதாவது சேர்த்திருப்பார்கள். அதற்குள் என்ன கரைந்திருக்கிறது என்பதை நாக்காலோ மூக்காலோ கண்டுபிடிக்க எவராலும் முடியாது.

கஞ்சாவிலிருந்து உண்மையாகவே பிரித்தெடுக்கும் பொருள் கெட்டியான பிசின். வேப் திரவங்களில் வழக்கமாகச் சேர்க்கும் கிளிசரினோடு அது எளிதில் கலக்காது. பிரித்தெடுக்கச் செலவும் பிடிக்கும். ஆகவே 'கஞ்சா எண்ணெய்' என்று விற்கும் ஆளுக்கு, எளிதில் கரைகிற, மலிவான, மிகச் சிறிய அளவிலேயே தலைசுற்ற வைக்கிற ஏதாவது ஒரு ரசாயனப் பொடி கிடைத்தால் போதும். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 பள்ளிகளில் மாணவர்களிடம் பறித்த 596 வேப்களைச் சோதித்து, அதன் முடிவை 2024-ல் வெளியிட்டார்கள். ஆறில் ஒன்றில் 'ஸ்பைஸ்' என்று அழைக்கப்படும் செயற்கைப் பொருள் இருந்தது. கஞ்சாச் செடிக்கும் அதற்கும் ஓர் இலைகூடத் தொடர்பில்லை. வலிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், சிலருக்குப் புத்தி பேதலிக்கும். அந்தப் பிள்ளைகளில் பலர் கஞ்சா எண்ணெய் என்று நினைத்துத்தான் காசு கொடுத்தார்கள். உங்கள் தங்கை மகன் இன்று நினைப்பதைப் போலவே.

ஸ்பைஸ் ஓபியாய்டு வகையைச் சேர்ந்ததில்லை. ஆனால் ஸ்பைஸைக் கரைத்துக் குப்பியில் அடைக்கும் அதே மேசையில் வேறொரு பொடியும் வந்து சேர்கிறது. அதன் பெயர் நைட்டசீன். 1950-களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து சீபா நிறுவனத்தின் வேதியியலாளர்கள் மார்ஃபீனுக்கு மாற்றான வலி மருந்து தேடிக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்த குடும்பம் அது. வலியைப் போக்கியது உண்மைதான். ஆனால் வலியைப் போக்கும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே இடைவெளியே இல்லாத அளவுக்கு வீரியம். ஒரு நாட்டிலும் அது மருந்தாக அனுமதி பெறவில்லை. அறுபது ஆண்டுகள் பழைய ஆய்விதழ்களுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. 2019 வாக்கில் ஐசோடோநைட்டசீன் என்ற பெயரில் கள்ளச் சந்தையில் தலைகாட்டியது. 2021-ல் அதை ஐ.நா.வின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் அதன் தம்பி தங்கைகள் நாலைந்து பேர் வேறு பெயர்களில் புறப்பட்டுவிட்டன. எஸ்தோனியாவில் 2023-ல் போதைப்பொருளால் நேர்ந்த மரணங்களில் ஏறத்தாழப் பாதியில் நைட்டசீன் இருந்தது. ஆஸ்திரேலியச் சுகாதாரத் துறைகள் 2024-ல் வெளிப்படையாகவே எச்சரித்தன: வேப் திரவங்களில் நைட்டசீன் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, தாங்கள் இழுப்பது ஓபியாய்டு என்பதே தெரியாமல் மயங்கி விழுகிறார்கள் என்று.

தெரியாமல் என்ற சொல்லில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது. ஹெராயினுக்குப் பழகியவனின் உடல் ஓரளவு ஓபியாய்டைத் தாங்கும். உங்கள் தங்கை மகனைப் போன்ற ஒரு பையனின் உடல் வாழ்நாளில் ஒருமுறைகூட அதைச் சந்தித்திருக்காது. அவனுக்கு மிகச் சிறிய அளவே போதும்.

எவ்வளவு சிறிய அளவு என்று சொல்கிறேன். அரங்கில் நான் உடைக்கும் ஃபென்டனில் குப்பி 2 மில்லி. அதற்குள் இருக்கும் மருந்து 100 மைக்ரோகிராம். சமையலறை உப்பை ஒரு துகள், இரண்டு துகள் எண்ணி எடுத்து வைத்தால் என்ன எடையோ, அவ்வளவுதான். அந்த இரண்டு துகளை மற்ற மயக்க மருந்துகளோடு கொடுத்து, 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்மணிக்கு வலி தெரியாமல் வயிற்றைத் திறந்து அறுவை செய்கிறோம். கொடுத்த சில நிமிடங்களில் அவருடைய மூச்சு மெதுவாகும், சில நேரங்களில் நின்றே போகும். அதற்காகத்தான் நான் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் முகமூடி, பக்கத்தில் ஆக்சிஜன், விரலில் மாட்டிய கருவி, திரையில் ஓடும் கோடு. மூச்சு நின்றால் நான் அவருக்காக மூச்சு விடுவேன். அதே மருந்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். புற்றுநோய் வலியில் துடித்த எத்தனையோ பேர் அதன் தயவால் நிம்மதியாக உறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஃபென்டனில் மார்ஃபீனைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ளது. நைட்டசீன் குடும்பத்தில் சில ஃபென்டனிலையும் மிஞ்சும். அப்படிப்பட்ட ஒன்றை, நிறுக்கத் தராசு இல்லாதவன் ஒரு வாளியில் கொட்டிக் கலக்கி, நூறு குப்பிகளில் அடைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பைச் சரியாகக் கரைக்காமல் மாவில் போட்டால் ஓர் இட்லி கரிக்கும், இன்னோர் இட்லி சப்பென்றிருக்கும். இதே குப்பியைத்தான் போன மாதமும் வாங்கினேன், ஒன்றும் ஆகவில்லையே என்று பையன் சொல்வான். போன மாதத்துக் குப்பி இந்த மாதத்துக் குப்பிக்குச் சாட்சி சொல்லாது.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க ஆஸ்திரேலியாவரை போக வேண்டியதில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டவர்கள் கள்ளச்சாராயம் குடித்து இறந்தார்கள். வழக்கமாக வாங்குகிற இடத்தில் வாங்கியதுதான். பாக்கெட் அதே பாக்கெட். உள்ளே மெத்தனால். விற்றவர்களுக்குத் தங்கள் வாடிக்கையாளரைக் கொல்ல வேண்டும் என்று ஆசையா? இல்லை. அவர்களுக்கு மேலே ஒருவன், அவனுக்கும் மேலே ஒருவன், எங்கோ ஓரிடத்தில் எது கிடைத்ததோ அதைக் கலந்தான். கடைசியில் விற்றவனுக்குத் தன் கையில் இருப்பது என்னவென்றே தெரியாது. 'என் ஆள் நல்ல ஆள், கலப்படம் செய்ய மாட்டான்' என்று உங்கள் தங்கை மகன் சொன்னால், அவனிடம் கருணாபுரத்தைப் பற்றிப் பேசுங்கள். அந்த 'ஆள்' நல்லவனாகவே இருக்கட்டும். அவனும் மூடிய குப்பியைத்தான் வாங்கி விற்கிறான்.

கலப்படம் ஓபியாய்டாக இருந்தால்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். 2019-ல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் வெந்துபோகும் ஒரு நோய் பரவியது. 2020 பிப்ரவரிவரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இழுத்தது வெளியில் வாங்கிய கஞ்சா எண்ணெய்க் குப்பிகள். தேனில் வெல்லப்பாகு கலப்பது போல, எண்ணெய் கெட்டியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வைட்டமின் ஈ அசிடேட்டை ஊற்றியிருந்தார்கள். வாயால் சாப்பிட்டால் கெடுதல் செய்யாத பொருள். சூடாகி நுரையீரலுக்குள் போனபோது ஆளைக் கொன்றது.

மேலே சொன்னதெல்லாம் வெளிநாட்டில் நடந்தவை. மதுரைத் தெருக்களில் நைட்டசீன் ஆறாக ஓடுகிறது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் ஓபியாய்டால் மூச்சு நிற்கும் இளைஞர்கள் நமக்குப் புதியவர்கள் இல்லை. டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பரவி உயிர்களை வாங்கியிருக்கிறது. அதுவும் ஓபியாய்டுதான். அப்படி ஒரு பையனை நான் மறக்கவே முடியாது.

விடியற்காலை நாலரை மணி. வைகைக்கு வடகரையில் ஓர் அறையில் ஐந்து பேர் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவனைத் தூக்கிக்கொண்டு மற்ற நால்வரும் வந்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் போட என்னை அழைத்தார்கள். வயது 20. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு போல இருந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். ஒருவன் அழுதுகொண்டே சொன்னான்: "பதினொரு மணிக்கே படுத்துவிட்டான் சார். நல்லாத்தான் தூங்கினான். பெரிதாகக் குறட்டை விட்டான். நாங்கள் சிரித்துவிட்டு விளக்கை அணைத்தோம்." அந்தக் குறட்டை தூக்கத்தின் சத்தமே இல்லை. நாக்கு பின்னால் சரிந்து, மூச்சுக்குழாயை அடைத்து, உள்ளே போக வழியில்லாமல் காற்று திணறுகிற சத்தம். அவர்களில் ஒருவன் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைத்திருந்தால் போதும். நால்வரும் நல்ல பிள்ளைகள். நண்பனைக் கைவிட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பையனின் இதயத்தை மீட்டோம். மூளையை மீட்க முடியவில்லை.

ஆகவே உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை நான் விரிவாகச் சொல்லப்போகிறேன். இழுக்காதே என்று நீங்கள் சொல்வீர்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவன் இழுக்கும் ஒரு நாளில், அவனுடைய அறையில் இருக்கும் மற்றவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஓபியாய்டு மூளையின் அடித்தண்டில் மூச்சை இயக்கும் இடத்தை அமுக்குகிறது. கடலில் மூழ்கியவன் துடிப்பது போல இவன் துடிக்க மாட்டான். மூச்சு வேண்டும் என்ற எண்ணமே உடலுக்கு வராது. கஞ்சா அதிகமானவனுக்குக் கண் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், பயந்து புலம்புவான், வாந்தி எடுப்பான். ஓபியாய்டு ஏறியவன் அமைதியாகிவிடுவான். கண்ணின் நடுக்கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். கூப்பிட்டால் எழ மாட்டான். விரல் முட்டியால் அவன் நெஞ்செலும்பை அழுத்தித் தேயுங்கள். வெறும் மயக்கத் தூக்கத்தில் இருப்பவன் கையைத் தட்டிவிடுவான், இவன் அசைய மாட்டான். நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இவனுக்கு எட்டு, ஆறு, நாலு என்று குறைந்துகொண்டே போகும். களகளவென்ற சத்தம் அல்லது குறட்டை. உதடும் நகமும் நீலம் பாரிக்கும்; மாநிறத்தவர்களான நமக்கு நீலம் சட்டென்று தெரியாது, உதட்டின் உட்புறத்தையும் நகக்கண்ணையும் பாருங்கள், சாம்பல் பூத்தது போல இருக்கும்.

உடனே 108. பிறகு தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கிப் பிடித்தால் அடைத்த வழி திறக்கும். மூச்சு வருகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூச்சு வரவில்லை, அல்லது பத்து விநாடிக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால், மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து, ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை அவன் நெஞ்சு உயரும் அளவுக்கு ஊத வேண்டும். கூச்சப்பட நேரம் இல்லை. மூச்சு முழுவதும் நின்று, உடலில் உயிர்க்குறியே தெரியவில்லை என்றால் நடுநெஞ்சில் இரு கையையும் வைத்து வேகமாக, ஆழமாக அழுத்தத் தொடங்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் மூளை நாலைந்து நிமிடங்களுக்கு மேல் தாங்காது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைவாக வந்தாலும் அந்த முதல் நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவனின் கையில்தான்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. போதை தெளிய எலுமிச்சைச் சாறு, மோர், புளிக்கரைசல் என்று வாயில் ஊற்றுவார்கள். மயங்கிக் கிடப்பவன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். மோர் கொடுத்ததால் நிமோனியா வந்து, போதையிலிருந்து பிழைத்தும் சளியில் இறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம்.

அடுத்து, மருத்துவமனையில் உண்மையைச் சொல்வது. இதை நம் பகுதிக்கென்றே அழுத்திச் சொல்கிறேன். மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரத்தில் மயங்கிய நிலையில், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி ஓர் இளைஞன் வந்தால், அவசரப் பிரிவு மருத்துவரின் மனத்தில் முதலில் வருவது பூச்சிமருந்து. பயிருக்கு அடிக்கும் மருந்தைக் குடித்தவர்களை அவர் வாரம் தவறாமல் பார்க்கிறார். அவர்களுக்கும் கண்மணி அப்படித்தான் சுருங்கும். காலையில் எழுப்பினால் எழவில்லை என்றால் கட்டுவிரியன் கடித்திருக்குமோ என்றும் யோசிப்பார். இரண்டும் நியாயமான சந்தேகம். ஆனால் பூச்சிமருந்துக்குக் கொடுக்கும் அட்ரோபின் வேறு, ஓபியாய்டுக்குக் கொடுக்கும் நலாக்சோன் வேறு. "வேப் இழுத்தான், கஞ்சா எண்ணெய் என்று சொன்னான், இதோ அந்தக் கருவி" என்று கூட வந்தவன் சொல்லும் ஒரு வரி, மருத்துவருக்கு அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தும். கருவியை எடுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அபின், மார்ஃபீனைக் காட்டும் வழக்கமான பட்டைகளில் ஃபென்டனிலும் நைட்டசீனும் சிக்காது.

நலாக்சோன் என்பது ஓபியாய்டைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும் மருந்து. நரம்பில் ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் நீலம் மாறி, மூச்சு எழும்புவதைப் பார்க்கலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு அது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஓபியாய்டு இல்லாதவனுக்குக் கொடுத்தால் பெரிய தீங்கு செய்யாது என்பதால் சந்தேகம் இருந்தாலே கொடுக்கலாம். அமெரிக்காவில் 2023-லிருந்து மூக்கில் அடிக்கும் வடிவில் மருந்துச் சீட்டு இல்லாமலே விற்கிறார்கள். நம்மிடம் பெரும்பாலும் ஊசியாக, மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. கல்லூரி விடுதிகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நலாக்சோனின் வேலை அரைமணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்ளே போன நஞ்சு அதைவிட நீண்ட நேரம் இருக்கலாம். கண்விழித்த பையன், "எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்பான். அழைத்துப் போகாதீர்கள். வீட்டில் போய்த் தூங்கியபிறகு மூச்சு மறுபடியும் நிற்கலாம். நைட்டசீனுக்கு ஒருமுறை கொடுத்த நலாக்சோன் போதாமலும் போகும். மருத்துவர் போகலாம் என்று சொல்லும்வரை அங்கேயே இருக்கட்டும்.

போலீஸ் பயம். பிள்ளைகள் 108-ஐ அழைக்காமல் காத்திருப்பதற்கு இதுதான் முதல் காரணம். மறைக்காமல் சொல்கிறேன்: நஞ்சு சம்பந்தப்பட்ட சேர்க்கைகளை மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிப்பது வழக்கம். வேப் என்னும் மின் சிகரெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் இருப்பு வைப்பதும் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; முதல் முறை விற்றவனுக்கு ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். கஞ்சா எண்ணெய் என்றால் 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமும் வரும்; அது அந்தச் சட்டத்தில் இலையாகக் கருதப்படாது, சரஸ் (கஞ்சாப் பிசின்) வகையில் சேரும். ஆனால் அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவும் இருக்கிறது. போதைக்கு அடிமையாகி, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளானவர், தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது அது. வழக்கறிஞரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூச்சைப் பார்க்க வேண்டும்.

இனி அந்தக் கருவி. தொட்டாலே செத்துவிடுவோம் என்று காணொளியில் சொல்லியிருந்தால் அது தவறு. ஃபென்டனில் தோலைத் தொட்ட மாத்திரத்தில் ஆளை மயக்காது. மயங்கியவனுக்கு உதவப் பயந்து நிற்கவும் தேவையில்லை. திரவம் கையில் பட்டால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவினால் போதும். ஆனால் உடைத்துப் பார்க்காதீர்கள், முகர்ந்தோ இழுத்தோ சோதிக்காதீர்கள். அடுப்பில் போடவும் வேண்டாம், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, வெடிக்கும். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு எட்டாமல் மூடிய டப்பாவில் வையுங்கள். அவனுக்குத் தெரியாமல் எடுத்து எறிவதைவிட, அவனே தன் கையால் அதைக் கொடுத்துவிடும் நிலைக்குப் பேச்சைக் கொண்டு வருவது நல்லது. எறிந்தால் இன்னொன்று வாங்குவான். அது இதைவிட மோசமான குப்பியாக இருக்கலாம்.

தங்கையிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லத்தான் வேண்டும், ஆனால் அவனிடம் முதலில் பேசிவிட்டு, அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். நம் பக்கத்தில் அப்பாவிடம் சொல்லாததைப் பிள்ளைகள் தாய்மாமனிடம் சொல்கிறார்கள். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொண்டவர் நீங்கள். அவன் உங்களிடம் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? கஞ்சா எண்ணெய் என்று ஒப்புக்கொண்டான். அந்தக் கதவைச் சாத்திவிடாதீர்கள். எத்தனை நாளாக, எவ்வளவு, யாரோடு, தனியாக இருக்கும்போதும் இழுக்கிறானா, அது இல்லாவிட்டால் தூக்கம் வருகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். தனியாக இழுப்பவனின் ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் அவன் மூச்சை எண்ண ஆள் இல்லை. விட முடியவில்லை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நேரில் போகத் தயங்கினால் போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணிலோ மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணிலோ பேசலாம், இரண்டும் கட்டணமில்லாதவை.

அவன் மதுரைக்குத் திரும்பும்போது நீங்களும் ஒருமுறை கூடவே பஸ்ஸில் வாருங்கள். அறை நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கண்மணியைப் பார்ப்பது, நெஞ்சைத் தேய்ப்பது, மூச்சை எண்ணுவது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது ஆகிய நான்கையும் அவர்களில் ஒருவனைக் கட்டிலில் படுக்க வைத்துச் செய்தே காட்டுங்கள். குறட்டையைப் பற்றிச் சொல்ல மறக்காதீர்கள்.